ரெண்டு சீட்டு வண்டிக்கு அஞ்சாவது கியர்

கியர் பாக்ஸ் வேலை என்பது, ஒத்துப்போகாத இரண்டு பேருக்கு நடுவில் உட்கார்ந்து, இருவரையும் பல் உடையாமல் சுற்ற வைக்கிற வேலை. ஒரு பக்கம் எஞ்சின், மறுபக்கம் சக்கரம். நடுவில் எண்ணெய் பூசிக்கொண்டு நிற்பவன் நான்.

இந்தத் தொழிலுக்கு நான் ஆசைப்பட்டு வரவில்லை. கடலூரில் ஒரு தொழிற்சாலையில் இருந்தேன். பெல்ட்டின் வேகத்தைக் குறை என்று வாசலில் நின்று கோஷம் போட்டேன். வேகம் குறையவில்லை, ஆள்தான் குறைந்தது. குறைந்த ஆள் நான். அன்று எனக்குப் பின்னால் கையை உயர்த்தியவர்களில் ஒருவர் இன்றைக்கு அதே ஆலைக்குக் கூலி ஆள் பிடித்துக் கொடுக்கிறார். வழியில் பார்த்தால் வணக்கம் வைப்பார். நான் திருப்பி வைப்பதில்லை. பள்ளிக்கூடம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது கொஞ்சம்; மீதி எல்லாம் துண்டறிக்கைகள் சொல்லிக்கொடுத்தவை. வாய்ப்பாடு முழுதாக வருவதற்கு முன்னாலேயே உபரி மதிப்பு எனக்கு வந்துவிட்டது. வெளியே தள்ளப்பட்ட பிறகு, முதுநகரில் மீன் லாரிகளுக்கு கியர் பாக்ஸ் இறக்கி ஏற்றக் கற்றுக்கொண்டேன். ஊர் இன்னும் என்னை 'தோழர்' என்றுதான் கூப்பிடுகிறது. சிலர் மரியாதையாக, பலர் கிண்டலாக.

பழைய வண்டியை வைத்துக்கொண்டு நாலுவழிச் சாலையில் காது அடைத்துப்போகும் சக பாவிகளே, இது உங்களுக்காக.

கத்திக்கொண்டே வந்தவர்

மீன் வாடை அடிக்கும் என் பட்டறைக்கு முன்னால் ஒருநாள் ஒரு சிவப்பு வண்டி வந்து நின்றது. இங்கிலாந்தில் செய்த பழைய ரேஸ் ஜாதி வண்டி. ரெண்டே சீட்டு, மேலே கான்வாஸ் கூரை, என் இடுப்பு உயரம்கூட இல்லை. அதிலிருந்து இறங்கியவர் சிதம்பரம் கீழ வீதியில் பாத்திரக்கடை வைத்திருக்கும் சபேசன். அப்பா காலத்து வண்டி என்றார். வண்டியை நிறுத்தி வெகுநேரம் ஆன பிறகும் அவர் கத்தித்தான் பேசினார். பாத்திரக்கடைக்காரர், பித்தளைக்கும் எவர்சில்வருக்கும் நடுவில் பிறந்து வளர்ந்தவர், சத்தம் அவருக்குப் புதிதல்ல. அவரையே அந்த வண்டி செவிடாக்கியிருந்தது.

காரணம் சொல்கிறேன். அந்த வண்டிக்கு நாலு கியர்தான். வளைந்து நெளிந்து போகும் ரோட்டில் எகிறிப் பாய்வதற்குச் செய்தது. நம் புது நாலுவழிச் சாலையில் தொண்ணூறில் போனால், எஞ்சின் நாலாயிரம் சுற்றை ஒட்டி அலறும். மாற்ற மேலே கியர் கிடையாது. கடைசிப் படியில் நின்றுகொண்டு இன்னும் ஏறு ஏறு என்றால் தொழிலாளி கத்தாமல் என்ன செய்வான்? அவன் கத்துவது நியாயம் என்று நான் சபேசனிடம் சொன்னேன். அவர் அதைக் கேட்க வரவில்லை. அவர் மனைவி வத்சலா கெடு வைத்திருக்கிறாராம். சிதம்பரம் கோயில் மார்கழி தரிசனத்துக்குள் இந்த வண்டியில் உட்கார்ந்து மனுஷன் மாதிரி பேச முடிய வேண்டும். இல்லாவிட்டால் வண்டியை விற்றுவிட வேண்டும். பாண்டிச்சேரியில் ஒரு ஓட்டல்காரர் தயாராக இருக்கிறார். வாசல் புல்தரையில் நிறுத்தி, கல்யாண ஜோடிகளை அதன் மேல் சாய்த்துப் போட்டோ எடுக்கப் போகிறாராம். சொல்லும்போது சபேசன் வண்டியின் கூரையை மெல்லத் தடவினார். ஆனாலும் கத்தினார்: "தோழரே, நான் பேசறது அவ காதுல விழணும். அவ பேசறது என் காதுல விழணும். இல்லன்னா எங்கப்பா வண்டி புல்லு மேயப் போயிடும்!"

டயர் வைத்தியம்

யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டு நான் யோசித்து முடிப்பதற்குள் சபேசனின் தம்பி ஒரு வைத்தியம் சொல்லிவிட்டார். பெரிய டயர் போட்டால் சக்கரம் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் போகும், எஞ்சின் சுற்று தானாகக் குறையும் என்று. கணக்கு சரிதான். துண்டறிக்கையில் போட்டால் கைதட்டலே கிடைக்கும். ஆனால் அந்த வண்டியின் இடது மட்கார்டு எப்போதோ இடிபட்டு உள்ளே வாங்கியிருந்தது. சபேசன் டயரைப் போட்டுக்கொண்டு கோயிலைச் சுற்றிய நாலு வீதியையும் பிரதட்சிணமாக ஒரு சுற்று வந்தார். எல்லாம் வலது திருப்பம், ஒரு குறையும் இல்லை. சந்தோஷம் தாங்காமல் கடலூர் ரோட்டுக்குப் போக இடது பக்கம் ஒடித்தாரோ இல்லையோ, டயர் மட்கார்டில் உரசி வீதி முழுக்க ரப்பர் நாற்றம். அதைக் கழற்றிப் போட்ட பஞ்சர் கடைக்காரர் சொன்னதை அவரே என்னிடம் வந்து ஒப்பித்தார்: "சார், சாமி சுத்தற வரைக்கும் ஒண்ணும் ஆவாது. ஊருக்குப் போனாதான் தகராறு."

லால்பேட்டையில் ஒரு பெட்டி

இனி நான் தலையிட்டேன். கோரிக்கை தெளிவு: ஐந்தாவதாக ஒரு கியர் வேண்டும். பழைய கான்டெஸா காரின் ஐந்து கியர் பெட்டி இதற்குப் பொருந்தும், பொருத்த வேண்டும். அப்படி ஒரு பெட்டி இருந்தால் லால்பேட்டை ஜமால் பாயிடம்தான் இருக்கும். பழைய வண்டிகளை உடைத்து விற்பவர். நாங்கள் ஆலை வாசலில் பந்தல் போட்டுக் கிடந்தபோது, எந்தச் சங்கத்திலும் இல்லாத இந்த மனிதர் சோறு அனுப்பினார். சங்கத்தில் இருந்தவர்கள் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள்.

பாய் பெட்டியைத் திறந்து காட்டினார். பல்லெல்லாம் சுத்தம். "எடுத்துட்டுப் போங்க தோழர். இன்ஷா அல்லா, உங்க ஆயுசுக்கு ஓடும்" என்றவர், "எந்த லாரிக்கு?" என்று கேட்டார். லாரிக்கு இல்லை, சிதம்பரத்தில் ஒரு கடை முதலாளியின் ரேஸ் வண்டிக்கு என்றேன். பாய் சாக்குப் பையால் பெட்டியைச் சுற்றுவதை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். எஞ்சினும் தொழிலாளிதான், அதன் சுமையைக் குறைக்கத்தான் போகிறேன், இதில் முதலாளி எங்கே வந்தான் என்று நான் ஒரு சின்ன உரையே ஆற்றினேன். பாய் பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டுச் சொன்னார்: "அதெல்லாம் சரி தோழர். அந்த வண்டியில கொடி கட்ட எடம் இருக்கா?"

முட்டிக்கு விழுந்த அடி

பெட்டி உள்ளே போய்விட்டது. எஞ்சினுக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு தகடு லேத்தில் கடைந்து, பின் ஷாஃப்டை வெட்டிக் குறைத்து, கிளட்ச் பிளேட்டை மாற்றி, எல்லாம் முடித்து ரோட்டில் விட்டேன். ஐந்தாவதில் போட்டதும் முள் நாலாயிரத்திலிருந்து மூவாயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கியது. ஒரு ஆர்ப்பாட்டம்கூட இல்லாமல் வேகம் குறைவதை நான் வாழ்க்கையில் அன்றுதான் பார்த்தேன்.

இரண்டு நாள் கழித்து தம்பதியாக வந்தார்கள். வத்சலா அம்மாவை அன்றுதான் முதலில் பார்க்கிறேன். சின்ன உருவம், அமைதியான முகம், கொஞ்சம் நொண்டினார். சத்தம் பற்றிப் பேச்சே இல்லை. புதுப் பெட்டியின் கியர் கம்பி பழையதைவிட ஒரு சாண் பின்னால் முளைத்திருந்தது. முதல் கியருக்கு இடது பக்கம் தள்ளும்போதெல்லாம் பக்கத்து சீட்டுக்காரரின் முட்டியில் நேராகப் போய் இடித்திருக்கிறது. சிதம்பரத்திலிருந்து கடலூருக்குள் எத்தனை முறை நின்று கிளம்ப வேண்டும், நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள். நான் கேஸ் வெல்டிங்கை எடுத்துக் கம்பியைச் சூடாக்கி முன்பக்கம் வளைத்துக்கொண்டிருந்தேன். அந்த அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முட்டியைத் தடவிக்கொண்டே, கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "கல்யாணம் ஆன நாள்லேர்ந்து இவரு என்னை ஒரு அடி அடிச்சதில்ல அண்ணே. உங்க ஃபர்ஸ்ட் கியர் ரெண்டு நாள்ல அடிச்சிடுச்சு."

துப்பாக்கிக்காரர்

நான் செய்த வேலையில் குறை கண்டுபிடிக்க மாட்டீர்கள். கண்டுபிடித்தவர் காக்கிச் சட்டைக்காரர்.

இந்த வண்டியின் வேக மீட்டருக்கு கேபிள் கியர் பாக்ஸிலிருந்து போகிறது. பெட்டி மாறினால் அங்கே இருக்கும் சின்னப் பல்சக்கரமும் மாறும், மீட்டர் சொல்லும் கணக்கும் மாறும். அதை நான் நாளைக்குச் செய்து தருகிறேன் என்றேன். சபேசனுக்கு நாளை வரை பொறுமை இல்லை. ஆலப்பாக்கம் பக்கத்தில், அறுபது என்று போர்டு வைத்த இடத்தில், மீட்டர் முள் ஐம்பத்தைந்தில் நிற்க, எஞ்சின் பூனை மாதிரி உறும, மனுஷன் ராஜாவாகப் போயிருக்கிறார். வேகம் அளக்கும் துப்பாக்கி எழுபது காட்டியிருக்கிறது. நிறுத்தினார்கள். எனக்கு போன் வந்தது. டிவிஎஸ் ஃபிப்டியை மிதித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். அதிகாரிகளிடம் பேசுவது எனக்கு மறக்காத கலை. நடுரோட்டில் நின்று கேபிள், பல்சக்கரம், மீட்டர் பொய் சொல்லும் காரணம், இந்த நாட்டில் எந்தெந்த மீட்டர் யாருக்காகப் பொய் சொல்கிறது என்பது வரை விளக்கினேன். இன்ஸ்பெக்டர் இளவட்டம். தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டே முழுசும் கேட்டார். அபராதத்தையும் போட்டார். போட்டுவிட்டு என் தோளில் தட்டிச் சொன்னார்: "எஞ்சின் வேகத்தைக் கொறைச்சிட்டீங்க பெரியவரே, ரொம்ப சந்தோஷம். வண்டி வேகத்தை யாரு கொறைக்கிறது?"

குறைந்தால் நல்லது என்கிற நோய்

மீட்டரைச் சரிசெய்து கொடுத்த பிறகு எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். கார்த்திகை பாதி போயிருக்கும். வத்சலா அம்மாவின் தீர்ப்பு வரவில்லை. "சத்தம் கொறைஞ்சிருக்கு. ஆனா பல்லு ஆடுதாம்" என்று சபேசன் போனில் சொன்னார். யார் பல் என்று கேட்டதற்கு, "என் பல்லும், அவ பல்லும்" என்றார்.

நேரில் பார்க்க சிதம்பரம் போனேன். காலையில் சபேசனோடு நடைபயிற்சிக்கு வரும் கூட்டம் ஒன்று உண்டு. ஒருவருக்கு சுகர், ஒருவருக்கு பிரஷர், எல்லோருக்கும் ஏதாவது ஒரு எண்ணைக் குறைக்க வேண்டும். அந்தக் கூட்டத்தில் சபேசன் தன் வண்டியின் சுற்றைப் பெருமையடித்துக்கொள்ள ஆரம்பித்திருக்கிறார். "ரெண்டாயிரம்." அடுத்த நாள், "ஆயிரத்து ஐந்நூறு." பிறகு, "ஆயிரம்!" எப்படி என்றால், கிளம்பின கையோடு ஐந்தாவதில் போட்டுவிடுவார். கீழ வீதியில் மாட்டுக்கும் சைக்கிளுக்கும் பின்னால் ஊர்ந்து போகும்போதும் ஐந்தாவது. எஞ்சின் குலுங்கி, கண்ணாடி ஆடி, டேஷ்போர்டு நடுங்கி, அது சாகக் கிடந்தது. மனுஷன் முள்ளைப் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. பக்கத்து சீட்டில் இருந்த நான் வீதியோரம் நிறுத்தச் சொன்னேன். கோபத்துக்குக் காரணம் பழையது: என்னை வெளியே தள்ளிய பிறகு அந்தக் கடலூர் ஆலையில் ஒரு ஒப்பந்தம் போட்டார்கள். பெல்ட் வேகத்தைக் குறைப்பதாகக் கையெழுத்து. மாலை, லட்டு, போட்டோ எல்லாம் நடந்தது. வேகம் குறைந்தது நிஜம். ஆனால் பெல்ட்டில் நின்ற ஆளைப் பாதியாக்கிவிட்டார்கள். மெதுவாக ஓடும் பெல்ட்டில் ரெண்டு ஆள் சுமையை ஒரு ஆள் தூக்கினான், இடுப்பு ஒடிந்தது. அதைக் கேட்டபோது எனக்கு வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. "சுத்து கொறைஞ்சா போதுமா? சுமை எவ்ளோன்னு பாக்க வாணாமா? ஊருக்குள்ள ரெண்டாவது, மூணாவதுல ஓட்டுங்க. அது கொஞ்சம் சத்தம் போடும், போடட்டும், அதுக்கு அந்த உரிமை உண்டு. நாலுவழிக்குப் போய், வேகம் புடிச்ச பொறவு அஞ்சாவது போடுங்க" என்று வீதியே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினேன். சபேசன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார், பிறகு மெல்ல நிமிர்ந்து, "அப்ப இதுக்கு வாரம் ஒருநாள் லீவும் கேப்பீங்களா தோழரே?" என்றார்.

மூணாவது சீட்டு

மார்கழி வந்தது. தரிசனத்துக்கு முந்தின வாரம், பாண்டிச்சேரி ஓட்டல்காரர் வண்டியைப் பார்க்க என் பட்டறைக்கே வருவதாகச் சொல்லிவிட்டார். அன்று காலைதான் கடைசி சோதனை. சிதம்பரத்திலிருந்து தம்பதி இருவரும் வருவார்கள், வந்து இறங்கியதும் வத்சலா அம்மா தீர்ப்பு சொல்வார். கூட உட்கார்ந்து என்ன ஆகிறது என்று பார்க்க எனக்கு வழி இல்லை; ரெண்டு சீட்டு வண்டி. ஆகவே வழியில் புதுச்சத்திரத்தில் ஒரு டீக்கடை பெஞ்சில் காத்திருந்தேன். வண்டி வந்தது. சிவப்பாகத் தெரிந்த பிறகுதான் சத்தமே கேட்டது, அவ்வளவு அடக்கம். வத்சலா அம்மா பேசிக்கொண்டிருந்தார். கை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தார். சபேசன் தலையாட்டினார். என் பக்கம் இருவரும் திரும்பவே இல்லை. வண்டி போய்விட்டது.

நான் டிவிஎஸ்ஸில் பட்டறைக்கு வந்தால் அங்கே ஓட்டல்காரர் மட்டும் நிற்கிறார், வண்டியைக் காணோம். போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். ஓட்டல்காரர் என் மீன் லாரிகளுக்கு நடுவில் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றார். நானும் நிற்கிறேன். எனக்கு அந்த வண்டி போகக் கூடாது. நான் குறைத்த ஒரே வேகம் அதில்தான் இருக்கிறது. அது புல்தரையில் நின்றால், கடைசியில் அதையும் நான் தோற்றதாகத்தானே ஆகும்?

மதியம் சாய்ந்த பிறகு வந்தார்கள். பாண்டிச்சேரி எல்லை வரை போய்த் திரும்பினார்களாம். சபேசனின் கண் சிவந்திருந்தது. "காத்து" என்றார், யாரும் கேட்காமலே. கத்தாமல் சொன்னார். வத்சலா அம்மா இறங்கி, புடவையை உதறிக்கொண்டு, ஓட்டல்காரரிடம் நேராகப் போனார். "மன்னிக்கணும் சார். வண்டி கொடுக்கறதா இல்ல."

ஓட்டல்காரர் என்னைப் பார்த்தார். நான் சபேசனைப் பார்த்தேன். அந்த அம்மாதான் சொன்னார். "எங்க வூட்ல மாமியார், கொழுந்தன், ஓப்படி, புள்ளைங்க, கடைப் பசங்க, தரிசனத்துக்கு வர்ற சொந்தம் எல்லாம் சேத்து எப்பவும் ஒரு டஜன் பேரு. இவருகிட்ட ஒரு வார்த்தை தனியா பேசணும்னா எடம் கெடையாது. சினிமாவுக்குப் போனாலும் நாலு பேரு கூட வருவாங்க. இந்த வண்டியில மட்டுந்தான் மூணாவது சீட்டு கெடையாது. யாரும் ஏற முடியாது. ஆனா ஏறி உக்காந்தா நான் பேசறது எனக்கே கேக்காது. மாடியில தனியா ஒரு அடுப்பு வெச்சிக்கணும்னு வருஷக்கணக்கா இவருகிட்ட கேக்க நெனைச்சது. இன்னைக்குத்தான் கேட்டேன். திண்டிவனம் வரைக்கும் போனாலும் விட்டிருக்க மாட்டேன், நல்லவேளை, பாண்டி எல்லையிலயே ஒத்துக்கிட்டாரு."

சபேசன் வண்டியின் கதவைத் துடைத்துக்கொண்டு, காதில் விழாதவர் மாதிரி நின்றார். அந்த வண்டியில் இனி அந்த நடிப்பு செல்லாது.

ஓட்டல்காரர் போனதும் நான் கேட்டேன். பேச்சுவார்த்தை மேஜைகளில் பழுத்தவன், கேட்காமல் இருக்க முடியவில்லை. "அப்ப மார்கழிக்குள்ள வித்துடணும்னு சொன்னீங்களே, அது?" வத்சலா அம்மா சிரித்தார். முட்டியை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டு, தன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கதவைச் சாத்திக்கொண்டு சொன்னார்: "அப்படி மெரட்டலன்னா, நீங்க ரெண்டு பேரும் இன்னும் டயர் மாத்திக்கிட்டு இருப்பீங்க அண்ணே."

ஆலை வாசலில் ஆயிரம் பேரைத் திரட்டி நான் குறைக்க முடியாத வேகத்தை, ஒரே ஆளாக ஒரு பொய்க் கெடு வைத்துக் குறைத்துக் காட்டிய ஒரு போராளிக்குப் பக்கத்தில் நின்று ஸ்பேனர் பிடித்தேன் என்பதுதான், தோழர்களே, என் பொதுவாழ்வில் இதுவரை வந்து சேர்ந்திருக்கும் ஒரே வெற்றி.